வேப்பிலை கட்டிய வாசல்

வாசல் நிலையில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டால் போதும், வீடு கோயிலாகிவிடும். கோயிலுக்குள் நோயாளிக்கு என்ன வேலை? அதனால் அருணாவை நோயாளி என்று சொல்வதையே அந்த வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் இப்போது ஆத்தா. ஆத்தாவுக்கு வலிக்காது, டாக்டர் தேவையில்லை, மாத்திரை கூடவே கூடாது. பின்கட்டு அறையில் சன்னலைச் சாத்தி, பாயில் வாழை இலை விரித்து, அவளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

சாமியைக் குறை சொல்ல வரவில்லை. சாமி பாவம், அவள் பேரைச் சொல்லி மனுசர்கள் செய்கிற கூத்துக்கு அவள் என்ன செய்வாள்?

அருணாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். இம்யூனோதெரபி என்று பேர். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. கடைசி ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அதைக் கேட்ட அன்று, வாடகைக் கார் ஓட்டுகிற அவள் புருஷன் சுந்தரேசன், கீரனூர் தாண்டும்வரை காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

முதல் ஊசியன்றே நர்ஸ் ஷர்லி சொல்லியிருந்தாள். "அக்கா, இது கீமோ மாதிரி இல்ல. ஒங்க ஒடம்புல இருக்குற எதிர்ப்புச் சக்தியத்தான் இது கெளப்பி விடுது. காவலுக்கு அவுத்துவிட்ட நாயி சில நேரம் வீட்டு ஆளையே கடிச்சுப்புடும்ல, அப்படி ஆகலாம். தோல்ல தடிப்பு, வயித்தால போறது, வறட்டு இருமல், தாங்க முடியாத அசதி, எது வந்தாலும் சின்னதுதானேன்னு விடாதீங்க. அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும்."

அருணா தலையை ஆட்டினாள். ஆட்டியதோடு சரி.

அதற்குக் காரணம் ராமு. திருவரங்குளத்துக்காரர், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். ஒருநாள் அவர் வெள்ளந்தியாக, "ரெண்டு நாளா வயித்தால போகுது நர்சம்மா" என்று சொன்னார். அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கட்டிலில் அவரை அருணா பார்க்கவேயில்லை. என்ன ஆனார் என்று கேட்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாயைத் திறந்தவர் கதி இதுதான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். உயிரைப் பிடித்து வைத்திருக்கிற கயிறு அந்த மருந்து. அதை யாராவது தன் கையாலேயே அறுத்துக்கொள்வார்களா?

எனவே கையில் தடிப்பு வந்தபோது முழுக்கை ரவிக்கை போட்டாள். கழுத்துக்கு ஏறியபோது முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். முகத்தில் கொப்புளம் கிளம்பியபோதுதான் வீட்டில் இருக்கும் மூத்த நாத்தனார் ஆவுடையாள் கண்ணில் பட்டது. ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம் அது. ஆவுடையாள் கையிலிருந்த சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள்.

"தாயே! எங்க வீட்டுக்கே வந்துட்டியா!"

உள்ளதைச் சொன்னால், அருணாவுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மை என்றால் தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும். மருந்துக் கோளாறு என்றால் மருந்தே போய்விடும். இரண்டில் அம்மை தேவலை என்று ஆத்தாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அந்த முந்தானைதான் பிறகு கழுத்தை இறுக்கியது.

வீட்டில் தாளிப்பு நின்றது. ஆள் வரத்து நின்றது. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று அவள் போனை எடுத்துப்போய் அணைத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. வாய்க்குள் புண் வந்து, மோரைக்கூட விழுங்க முடியவில்லை. கண்ணைத் திறந்தால் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. ஒரு காலையில் அவளைப் புரட்டிவிட்டு இலையை மாற்ற ஆவுடையாள் உருவினாள். முதுகுத் தோல் இலையோடு வந்துவிட்டது. ஆவுடையாள் அந்த இலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அருணாவுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. மருந்து போய்விடும் என்ற பயம் இல்லை. செத்துவிடுவோம் என்ற பயம்.

"மதினி, இது அம்மை இல்ல. ஊசினால வந்தது" என்றாள் மத்தியானம்.

"வாயக் கழுவு. ஆத்தா காதுல விழப்போகுது" என்று சொல்லிவிட்டு ஆவுடையாள் வேப்பிலையால் வீசினாள்.

சுந்தரேசன் அறைக்குள் வருவதில்லை. விரதம். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். மஞ்சள் கயிறு கட்டிய கையை நெஞ்சோடு வைத்திருந்தார்.

"என்னங்க, திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நான் காப்புக் கட்டிருக்கேன் அருணா. எல்லையத் தாண்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? ஆத்தா எறங்குன வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா ஊரு நம்மள விட்டுருமா? திருவிழா முடியட்டும். தண்ணி ஊத்திட்டுப் போவோம்." சொல்லிவிட்டுத் தெருவாசல் பக்கம் பார்த்தார். கார் வாசலில்தான் நின்றது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள்.

திருவிழா முடிய இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. கத்தினால் ஆத்தாவுக்கு உக்கிரம் என்பார்கள், அழுதால் ஆத்தா இரங்குகிறாள் என்பார்கள். அருணா என்று ஒருத்தி அந்த அறையில் இருப்பதாக யாருக்கும் நினைப்பே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல ஆவுடையாள் பானகத்தோடு வந்து கை கூப்பினாள். வாசலுக்கு வெளியே தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். உள்ளே வர மாட்டார்கள், அங்கிருந்தே கும்பிடுவார்கள்.

"ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்? கேளு தாயி" என்றாள் ஆவுடையாள்.

தினமும் கேட்கிற கேள்விதான். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் முறை. இளநீர் கேட்டால் இளநீர், மாவிளக்கு கேட்டால் மாவிளக்கு. இத்தனை நாளும் அருணா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். இன்றைக்கு அந்தக் கேள்வி மட்டுந்தான் அந்த வீட்டில் திறந்திருக்கிற ஒரே கதவு என்று அவளுக்குப் பட்டது. தாயே, மன்னிச்சுக்க என்று ஒரு தரம் நினைத்துக்கொண்டாள். புண்ணான வாயை முழுசாகத் திறந்து, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எனக்குத் திருச்சி போகணும்! வடக்க போகணும்! இப்பவே வண்டிய எடுக்கச் சொல்லுங்க மதினி!"

வடக்கே இருக்கிற பெரிய கோயிலுக்குப் போக ஆத்தா வண்டி கேட்கிறாள் என்று வெளியே குலவைச் சத்தம் கிளம்பியது. ஆவுடையாள் தடாலென்று காலில் விழுந்தாள். எழுந்திருக்கும்போது அருணாவின் காதோரம் குனிந்தாள்.

"ஆத்தாவா இருந்தா என்னைய மதினின்னு கூப்புடுவாளாடி?" என்று கிசுகிசுத்தாள். "நேத்து அந்த எலைய உருவுனப்பவே எனக்குத் தெரியும். சொல்ற தெம்பு எனக்கு இல்லடி. கெளம்பு."

பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பி, வீடே அதிரச் சொன்னாள்: "கேட்டீங்கள்ல எல்லாரும்? ஆத்தா வாக்குச் சொல்லிட்டா! தம்பி, வண்டிய எடு!"

வெள்ளை வேட்டியில் சுற்றி அருணாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். ஆவுடையாள் போனை அவள் கையில் திணித்தாள். கார் தெருமுனை திரும்புவதற்குள் ஷர்லி எடுத்துவிட்டாள். முன்சீட்டில் சுந்தரேசன் தாயே தாயே என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினார், பின்னால் பேசுவது அவர் காதில் ஏறவில்லை. அருணா எல்லாவற்றையும் சொன்னாள். கை, முகம், வாய், கண், முதுகு. மறைத்ததையும் சொன்னாள்.

"வாய்ப்புண்ணு, தோலு உரியுதுன்னா ரொம்ப அவசரம்க்கா. நேரா எமர்ஜென்சிக்கு வாங்க. டாக்டர்கிட்ட இப்பவே சொல்லி வைக்கிறேன். ஏன்க்கா முதல்லயே சொல்லல?"

"மருந்த நிறுத்திருவீங்கன்னு."

"இனிமே அந்த மருந்து கெடையாதுக்கா. அது நின்னுபோச்சுன்னே வச்சுக்கங்க."

"ராமு அண்ணன் மாதிரியா?"

"ராமு அண்ணனா? அவருக்கு ஊசிய நிறுத்தி ஸ்டீராய்டு குடுத்துச் சரி பண்ணுனோம். கட்டி அப்புறம் வளரல. இப்ப வெறும் ஸ்கேனுக்குத்தான் வர்றாரு, வியாழக்கெழமை. நீங்க செவ்வாக்கெழமை ஆளு, அதான் பாக்கல. எல்லாருக்கும் அப்படி அமையும்னு சொல்ல முடியாது. இப்ப பேசாதீங்க, வாங்க."

அருணா கண்ணை மூடிக்கொண்டாள். வியாழக்கிழமை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்குமே வாய் திறக்க முடியாத வலி.

கார் நின்றது. ஊர் எல்லைக்கல், மஞ்சள் பூசி வேப்பிலை சுற்றியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் திருச்சி ரோடு. சுந்தரேசனின் கை கியரில் இருந்தது, மணிக்கட்டில் காப்பு. அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா, நான் தாண்டலாமா? நீ சொன்னா தாண்டுறேன் தாயி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆத்தாவாகச் சொல்லிவிட்டால் போதும், கார் போய்விடும். அருணா கையிலிருந்த போனின் அணைந்த திரையைப் பார்த்தாள். அதில் தெரிந்த முகத்தை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஆத்தா இல்லைங்க" என்றாள். "நான்தான். அருணா. ஊசி எனக்கு ஒத்துக்கல. தெரிஞ்சே நான் மறைச்சேன். நாந்தான் கேக்குறேன், தாண்டுங்க."

சுந்தரேசன் மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம்தான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே கியரைப் போட்டார்.