எழுதுமுன் வந்த மெயில்

ஏரல் கடைத்தெருவில் முகம்மது மைதீன் நடத்தும் மெயில் சர்வர், போன ஆவணியிலிருந்து, மெயிலை எழுதுவதற்கு ஒரு நாள் முன்பே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த வசதியைக் கேட்டது அவன் மச்சான் அலி அஸ்கர். நல்ல மனசோடு கேட்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு பேரும் ஒரே வருஷத்தில்தான் சர்வர் போட்டார்கள். மைதீன் பாத்திரக்கடை மாடியில், அலி அஸ்கர் எதிர்மாடியில். மைதீனுக்கு ஒரு வழக்கம். யார் என்ன புது வசதி கேட்டாலும் அஸர் தொழுதுவிட்டு வந்து படிப்பான், "போட்டுருவோம்" என்று பதில் எழுதுவான், வெள்ளிக்கிழமைக்குள் அது வந்துவிடும். முதலில் அனுப்பியதைத் திரும்ப வாங்கும் வசதி வந்தது. பிறகு, கோபத்தில் எழுதிய மெயில்கள் சூடு ஆறும்வரை சர்வரிலேயே கிடந்தன. மாடித்தரை கொதித்ததால் செருப்பில்லாமல் யாரும் ஏறுவதில்லை. அதற்கடுத்த வருஷம், துபாய் மெயிலைத் திறந்தால் அனுப்பியவனின் அத்தர் மணத்தது. களக்காட்டு வியாபாரியின் மெயிலில் வாழைத்தார் வாடை. அலி அஸ்கரின் சர்வரோ இத்தனை வருஷத்தில் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். மைதீனைக் கட்டிய அவன் தங்கை நஃபீஸத், பெருநாள் விருந்தில் அண்ணனுக்குப் பிரியாணி வைத்துக்கொண்டே, "காக்கா, ஒங்க சர்வருல எப்ப மணம் வரும்?" என்று கேட்டுவிட்டாள். அலி அஸ்கர் பாதிச் சோற்றோடு எழுந்தான். வீட்டுக்குப் போய், ராதாபுரம் பார்வதியம்மாள் என்று இல்லாத ஒருத்தியை உண்டாக்கி, அவள் பேரில், மெயில் எழுதுமுன்னே போய்ச் சேர வேண்டும் என்று மைதீனுக்குக் கோரிக்கை அனுப்பினான். ஆகாத காரியம், இதிலாவது மூக்கு உடையட்டும் என்று. "போட்டுருவோம்மா" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைதீன் அவனைக் கட்டிப்பிடித்தான்.

"ஒம்ம மெயில் வந்துச்சு மச்சான். எங்க மாடில ஒமக்கு மேசை போட்டாச்சு, வாரும்."

"நான் எப்ப வே எழுதுனேன்?"

"நாளைக்குத்தான எழுதப் போறீரு."

போனை நீட்டினான். "மச்சான், என் சர்வரை மூடுதேன். என் ஆளுகளையும் என்னையும் ஒம்ம சர்வருல சேத்துக்கிடும். ஒரே ஒரு வசதி வேணும். முதல் பக்கத்துல என் பேரு ஒம்ம பேருக்கு மேல இருக்கணும்" என்று இருந்தது. கீழே அலி அஸ்கரின் பெயர், மறுநாள் தேதி.

எழுதவே கூடாதென்று மறுநாள் அலி அஸ்கர் கீபோர்டைப் பீரோவில் பூட்டிவிட்டு, ஆற்றில் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். அவன் தலை துவட்டி வருவதற்குள் அவனுடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் மைதீன் மாடிக்கு ஏறியிருந்தார்கள். நாளைய சரக்கு விலை இன்றைக்கே வந்தால் எந்த வியாபாரி விடுவான்? சாயங்காலம் பீரோவைத் திறந்தான். ஒரு சொல்லையாவது மாற்றி மைதீனைப் பொய்யாக்கப் பார்த்தான். மாற்ற இடமில்லை, நன்றாகவே எழுதியிருந்தான்.

இப்போது ஏரலில் எல்லாரும் முதல் நாள் பதிலை வாங்கிக்கொண்டு, மறுநாள் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். முதல் பக்கத்தில் அலி அஸ்கர் மேலே, மைதீன் கீழே. தன் பெயர் மேலேயே இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் அலி அஸ்கர் டீ குடிக்கிறான்.