பதினாறு பேருக்கு ஒரு மனசு

மனநலப் பரிசோதனைக்காகக் கல்லூரியின் மகளிர் ஹாக்கி அணிக்கு ஒரே ஒரு மனசுதான் ஏற்பாடு செய்திருந்தார்கள். பதினாறு பேரும் அதை வைத்துத்தான் தேறவேண்டும்.

அது பி.காம். முதலாண்டு மீனலோசினியுடையது. அவள் பிறந்ததிலிருந்து எந்த விளையாட்டும் ஆடியதில்லை. அதனால் மனசு உரித்த நுங்கு போலப் புதுசாக இருந்தது. பி.டி. சார் ஞானதுரை அவளை வகுப்பிலிருந்து கூட்டிவந்து, வாயைத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். இப்போது அவள் வராந்தாவில் ஒரு ஸ்டூலில் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தாள். ஈ ஒன்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

முறை எளிதானது. சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. உள்ளே போகிறவள் மனசை வாயில் அடக்கிக்கொள்வாள். கேட்கிற கேள்விக்கெல்லாம் அதுவே பதில் சொல்லிவிடும். வெளியே வந்ததும் துப்பி அடுத்தவள் கையில் கொடுக்கவேண்டும். கழுவக்கூடாது. கழுவினால் அதிலிருக்கிற சிரிப்பு போய்விடும் என்று பி.டி. சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போன வருஷம் லெஃப்ட் அவுட் ஆடிய மரியசெல்வி தன் சொந்த மனசோடு உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் அவளுடைய ஹாஸ்டல் அறையைச் சுவரோடு சுவராகப் பூசிவிட்டார்கள். கதவு இருந்த இடத்தில் இப்போது வெற்றிக் கோப்பைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு சொந்த மனசைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

செண்பகவல்லி கோல் கீப்பர். வரிசையில் கடைசி. அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பதினோரு நாளாக, தொண்டைக்குக் கட்டும் காப்புப் பட்டையைத் தளர்த்திவிட்டுத்தான் அவள் கோலில் நிற்கிறாள். பந்து அங்கே வந்து படட்டும் என்று நினைக்கிறாள். அப்படி நினைப்பது அவளுக்கே பயமாக இருக்கிறது. யாரிடமாவது இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று இட்லியைக்கூடத் தொடாமல் வந்திருந்தாள்.

ஒவ்வொருத்தி உள்ளே போகும்போதும் வராந்தா ஓர் அறை நீண்டது. அதனால் பதினைந்து பேர் போய் வந்த பிறகும் செண்பகவல்லி கதவிலிருந்து அதே தூரத்தில்தான் நின்றாள். கேப்டன் ஜெபசீலி நெடுநேரம் நடந்து வந்து மனசை அவள் உள்ளங்கையில் துப்பினாள்.

"பிடிட்டி. வழுக்கும், பாத்துக்கோ."

"சூடா இருக்குக்கா."

"பதினஞ்சு வாய் பாத்ததுல்லா."

"உள்ள என்ன சொன்னீய?"

"நான் எங்க சொன்னேன்? அதுல்லா சொல்லிச்சு."

அது சாம்பல் நிறமாகியிருந்தது. ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள். ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. செண்பகவல்லி முடியை உருவி எறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

கதவு வரைக்கும் நடக்கிற நேரத்தில் ருசி தெரியத் தொடங்கியது. முதலில் புளிப்பு. அது ஜெபசீலி. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தின்றதையெல்லாம் வாந்தி எடுக்கிறவள். அடியில் இரும்பு ருசி. சென்டர் ஹாஃப் பால்த்தாய் தன் முழங்காலைத் தானே மட்டையால் அடித்துக்கொள்கிறாள். அடிபட்டால் ஆடவேண்டாமே. மிச்சப் பேரும் இருந்தார்கள். ஒருத்திகூட நன்றாக இல்லை. மீனலோசினியின் ருசி மட்டும் எங்கேயும் இல்லை.

பரிசோதகர் மிக்சர் தின்றுகொண்டே படிவத்தைப் புரட்டினார். ஒவ்வொரு தாளுக்கும் விரலை நக்கினார்.

"பசி எடுக்குதா?"

"எடுக்குது சார்" என்றது மனசு.

"தூக்கம்?"

"நல்லா வருது சார்."

"பந்தைப் பார்த்தா சந்தோஷமா இருக்கா?"

செண்பகவல்லி மனசை மேசைமேல் துப்பினாள். அது மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"சார், பந்து என் தொண்டையில படட்டும்னு நெனைக்கேன்."

பரிசோதகர் படிவத்தை மேலும் கீழும் தேடினார். "தொண்டைக்குக் கட்டம் இல்லையேம்மா."

"அது சொன்னதெல்லாம் பொய் சார். பதினஞ்சு பேரு கஷ்டமும் அதுல இருக்கு. நீங்களே பாருங்க."

அவர் அதை எடுத்து நக்கினார். ரசத்துக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினார். செண்பகவல்லிக்கு அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நார்மல்" என்றார்.

"சார்?"

"கபடி டீமும் இதே ருசிதான். வாலிபால்ல உப்பு ஒரு கல் கூட. இந்த வாரம் மட்டும் பதினெட்டு காலேஜ் பாத்துட்டேன். எல்லாருக்கும் இருந்தா அது நார்மல்தானேம்மா?"

படிவத்தில் 'தகுதி' என்று சீல் அடித்து, மனசோடு சேர்த்து நீட்டினார்.

வெளியே பி.டி. சார் மனசை வாங்கி, பனியனில் துடைத்து, மீனலோசினியின் வாயில் போட்டுத் தாடையை மூடினார். அவள் மென்றாள். விழுங்கினாள். அவள் முகம் பதினாறு தடவை மாறியது. பிறகு செண்பகவல்லியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு மேட்சுக்கு நீங்க போவாதீங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மடியில் முகம் வைத்து, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள்.

பஸ் ஹார்ன் அடித்தது.

"ஏட்டி, தகுதின்னு சீல் வாங்கிட்டு இங்க என்ன அழுகை? ஏறு."

"நான் வரல சார்."

"நீ வராட்டி என்ன? சீல் ஒம்மேலயா அடிச்சிருக்கு?"

அவர் அவள் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கினார். அதற்குக் கால் பேடுகளைக் கட்டி, ஹெல்மெட் மாட்டி, ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்தார். பஸ் கிளம்பியது. பதினைந்து பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

படிவம் கோலில் நன்றாகவே நின்றது. நான்காவது நிமிடம் வேகமாக வந்த ஒரு பந்து பட்டு, ஹெல்மெட்டுக்குச் சற்றுக் கீழே குறுக்கே கிழிந்தது. பி.டி. சார் மைதானத்துக்குள் ஓடிப்போய் செல்லோடேப் ஒட்டி அதை நிமிர்த்தி வைத்தார். நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் தொடர்ந்தது.