தோள் வரை வெந்நீர்

குழந்தையின் மூச்சுக்குழாயைக் கழுத்தில் திறக்க எங்கள் மருத்துவமனையில் இரண்டு கட்சிகள். நேராக ஒரு கீறல் போட்டுக் குழாயைச் செருகுவது என் கட்சி. பிற்பாடு குழாயை எடுத்தால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். நட்சத்திரம் போல வெட்டி, தோலை மூச்சுக்குழாயோடு சேர்த்துத் தைப்பது டாக்டர் இகராஷியின் கட்சி. குழாய் நழுவினாலும் வழி திறந்திருக்கும். ஆனால் அதை மூட இன்னொரு அறுவை வேண்டும். இதற்காக நானும் அவளும் உடோன் நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை சண்டை போட்டிருக்கிறோம்.

ஒரு வயது சிகுசாவுக்குத் தொண்டை குறுகி மூச்சுத் திணறியது. அவள் அப்பா குவஹாரா, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன எங்கள் பெப்பு ஊரில் குளியலகம் நடத்துபவர். எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"எம்பொண்ணு தோள் வரைக்கும் தண்ணியில இறங்கலாமா, கூடாதா? குளியலகத்துக்காரன் பொண்ணு இடுப்பளவுல நின்னா ஊரே சிரிக்கும்."

"குழாய் இருக்கறவரைக்கும் கூடாது. என் முறையில, எடுத்தப்புறம் சீக்கிரம் இறங்கலாம். இவங்க முறையில துளை அப்படியே நிக்கும்," என்றேன்.

இகராஷி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "முதல் வாரத்துல குழாய் வெளிய வந்துட்டா, சார் முறையில திரும்பப் போடறது கஷ்டம். குழந்தை அழுதாலும் சத்தம் வராதுங்க."

குவஹாரா கையைப் பிசைந்தார்.

"அப்ப துளை நின்னா நிக்கட்டும்மா. குளிக்கறதுக்கு முதல்ல புள்ள இருக்கணும்ல."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவும் இல்லை.

இகராஷியின் முறைப்படி அறுவை நடந்த மூன்றாம் நாள் சிகுசா குழாயைப் பிடுங்கி எறிந்தாள். நர்ஸ் வந்தபோது துளை வழியாக மூச்சு ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது. குழாயைச் சிரமமில்லாமல் திரும்பச் செருகினாள். அன்று உடோன் ஆறுவதற்கு முன்பே நான் சாப்பிட்டு முடித்தேன்.

குழந்தைக்கு நான்கு வயதானபோது குழாயை எடுத்தோம். துளை நின்றது. அதை மூடியவன் நான்.

"மூடறதுன்னா உங்களுக்குத்தான் ஆசையாச்சே சார்," என்றாள் இகராஷி.

போன வாரம் குவஹாரா குளிக்கக் கூப்பிட்டார். அப்பாவின் மடியில் சிகுசா, தோள் வரை தண்ணீரில். பத்து வரை எண்ணாமல் எங்கள் ஊரில் எந்தக் குழந்தையும் தொட்டியை விட்டு எழ முடியாது.

கரகரத்த குரலில் எண்ணினாள். எட்டை விட்டுவிட்டாள்.

"எட்டு எங்கடி போச்சு?" என்றார் குவஹாரா.

"டாக்டர் உள்ள வச்சுத் தச்சுட்டாரு."

தொட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"சூடு ஜாஸ்தியா டாக்டர்?"

ஆமாம் என்றேன். சிகுசா மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.