பேராசிரியர் ஏசுதாஸின் இரைப்பை

2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்திற்கு, ஓய்வுபெற்ற உடலியங்கியல், உயிர்வேதியியல் பேராசிரியர் ஏசுதாஸ் மாமல்லபுரத்தில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார். பதினொன்றரை மணிக்கு அவருடைய அக்காள் சந்திரம்மா, கண்ணாடிப் பெட்டியின் மீது இரு கைகளையும் விரித்துக் கவிழ்ந்துகொண்டு, மருத்துவக் கல்லூரி வண்டியை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தாள்.

"என் தம்பிய எவனும் அறுக்கக் கூடாது!"

மனைவி ஜாய்ஸின் கையில் உடல்தானப் படிவம் இருந்தது. ஏசுதாஸ், செய்யூரில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, இரத்தச் சர்க்கரையைப் பற்றி முப்பத்தோராண்டு கற்பித்தவர்; தமக்கும் சர்க்கரை நோய் வந்தபின் வெல்லத்தை வாசற்படி ஏறவிடவில்லை. கல்யாணப் பந்தியில் அவரைக் கண்டால் மாணவர்கள் ஜாங்கிரியை அப்பளத்தால் மூடுவார்கள்.

அவரிடம் வாய்மொழித் தேர்வில் இருமுறை தோற்ற பரணிதரன், இப்போது உடற்கூறியல் உதவிப் பேராசிரியனாக வண்டியுடன் வந்திருந்தும், பெட்டியருகே கைகட்டியே நின்றான்.

"லேட்டாயிட்டா பதப்படுத்த முடியாது, மேடம்."

"அண்ணி, அவரே ஆசைப்பட்டு எழுதினது."

"கர்த்தர் கூப்புட சொல்லோ முழுசா எய்ந்து போ வேணாமா?"

"அதைக் கர்த்தர்கிட்ட அவரே பேசிப்பார்."

சந்திரம்மா எழுந்து ஜாய்ஸைச் சமையலறைக்கு இழுத்துச் சென்றாள்.

"வயித்த அறுத்தா உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சிடுமில்ல? இன்னிக்கு மொத பஸ்ல வந்தனே... நாலு அதிரசம். 'இன்னொண்ணு குடுக்கா'ன்னு கெஞ்சிகினே இருந்தான். நான்தான் கொன்னுட்டேன், ஜாய்ஸு."



"காலைல ஆறு மணிக்கு நான் ரெண்டு ரவா லட்டு குடுத்தேன் அண்ணி. 'அக்காளுக்குத் தெரிய வேணாம்'னார்."

"எங்கிட்ட 'ஜாய்ஸுக்குத் தெரிய வேணா'ன்னான். திருட்டுப் பய!"

சமையலறை வாசலில் பரணிதரன் இருமினான்.

"மேடம்... நேத்து சார் காலேஜ் லைப்ரரிக்கு வந்தப்போ நான்தான் மைசூர்பா..."

"நீயுமா?"

"வைவால கேக்கற மாதிரியே கேட்டாரு. பதில் சொல்ல முடியல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது நேத்து, இன்னிக்குத் தின்னதால வந்ததில்லம்மா. அவர் நெஞ்சு பத்து வருஷமாவே அப்படித்தான். ரிப்போர்ட்டெல்லாம் என்கிட்டதான் காட்டுவாரு."

சந்திரம்மா கூடத்துக்குத் திரும்பி வந்தாள்; ஆனால் பெட்டியின் மீது கவிழவில்லை.

இறுதியில் முடிவானவை இவை: உடலைக் கல்லூரிக்கே கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை செய்யூர் ஆலயத்தில் ஜெபம் நடத்துவது, சாட்சியாகச் சந்திரம்மா கைநாட்டு வைப்பது. கல்லூரி வாயில் வரை உறவினர் இருவர் உடன் செல்லலாம் என்று பரணிதரன் கூறினான். வண்டியில் சந்திரம்மா தலைமாட்டிலும் ஜாய்ஸ் கால்மாட்டிலும் அமர்ந்துகொண்டார்கள்.