பிள்ளைக்காம்பராவில் ஒரு கடற்பறவை

ரப்பர் மரத்தடியில் கிடந்ததை யாரோ வீசிவிட்டுப் போன உடைந்த குடை என்றுதான் கோகிலா முதலில் நினைத்தாள். இரண்டு நாள் விடாமல் அடித்த காற்றும் மழையும் அன்று விடியலில்தான் சற்று ஓய்ந்திருந்தன. பட்டை காய்ந்திருக்கிறதா, பால் வெட்டலாமா என்று பார்த்து வரும்படி கங்காணி அவளை அனுப்பியிருந்தார். நான்காவது வரிசையைத் தாண்டும்போது அந்தக் குடை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

கோகிலாவுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாக யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். கழுகு, ஆந்தை, மயில் எல்லாம் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முதுகும் சிறகும் கறுப்பு, வயிறு வெள்ளை. தலை மட்டும் செம்பட்டை. அலகு ஒரு சாண் நீளம் இருக்கும், நுனியில் கொக்கி. நனைந்த சிறகுகளை அது விரித்துத் தரையில் போட்டிருந்த அகலம் அவள் உயரத்தைவிட அதிகம். இத்தனை பெரிய உடம்புக்குக் கால்கள் மட்டும் கோழிக்குஞ்சின் கால்களைப் போல இருந்தன. எழும்பப் பார்த்தது. மார்பால் உந்தி இரண்டடி நகர்ந்து, மறுபடியும் படுத்துவிட்டது.

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அதன்மேல் போட்டாள். சுருட்டித் தூக்கியபோது எடையே இல்லை. காற்றைத் தூக்கியது மாதிரி இருந்தது.

மழையால் அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. அதனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவும் காலியாகக் கிடந்தது. அதன் பொறுப்பாளி புஷ்பம் மட்டும் வாசலில் நின்று தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி அது? கழுகா?"

"கழுகு இல்லக்கா. காலப் பாருங்க."

புஷ்பம் குனிந்து பார்த்தாள். அலகு சடக்கென்று அவள் விளக்குமாற்றைக் கவ்வியது.

"ஐயோ! ரவுடிப் பயபுள்ளையால்ல இருக்கு! இத எதுக்கு இங்க கொண்டாந்த?"

"லயத்து வீட்டுப் பக்கம் நாய் இருக்கு. இங்கதான் கதவு நல்லாப் பூட்டும்."

"புள்ளைங்க நாளைக்கு வந்தா?"

"மழை விடட்டும் அக்கா, பாத்துக்கலாம்."

கோகிலாவின் கணவன் உதயராஜ் பஜாரில் ஆட்டோ ஓட்டுபவன். அவன்தான் காட்டு விலங்குகளைக் கவனிக்கும் வனஜீவி காரியாலயத்தின் நம்பரைத் தேடி எடுத்தான். பேசியது கோகிலா. "மஹத்தயா, லொகு குருல்லெக்" என்று தொடங்கி, பெரிய பறவை ஒன்று கிடைத்திருப்பதைச் சரளமான சிங்களத்தில் சொன்னாள். புளத்கொகுபிட்டியப் பக்கம் மண்சரிந்து பாதை மூடியிருக்கிறது, உடனே வர வழியில்லை, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார் அந்தப் பக்கத்து மனிதர். அனுப்பினார்கள்.

அரை மணி நேரத்தில் வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தமிழில் ஒரு பெண்.

"அக்கா, நான் இஸ்ரா. மாவனெல்லையில இருந்து பேசுறேன். யுனிவர்சிட்டில கடல் பறவைங்களப் பத்தி ஆராய்ச்சி செய்றேன். வனஜீவி ஆபீஸ்ல இருந்துதான் ஒங்கட போட்டோவ எனக்கு அனுப்பி வெச்சாங்க."

"கடல் பறவையா? கடல் எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம் மிஸ்!"

"காத்து தள்ளிட்டு வந்திருக்கு. அக்கா, ஒரு உதவி. கையில துணி சுத்திக்கிட்டு, அதோட செறகத் தூக்கி, கக்கத்த ஒரு போட்டோ எடுக்க ஏலுமா?"

"எத?"

"கக்கம். வயித்துல இருக்கிற வெள்ளை அங்க வரைக்கும் போகுதா, எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கணும்."

கோகிலா போனைக் கையால் மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். உதயராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரோடு சாய்ந்துவிட்டான். கடைசியில் கோகிலா தலையைப் பிடிக்க, புஷ்பம் சாமியை வேண்டிக்கொண்டே சிறகைத் தூக்க, உதயராஜ் தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தான்.

படம் போய்ச் சேர்ந்தது. இஸ்ரா போனே அதிரும்படி கத்தினாள். "அல்லாஹ்! அது கிறிஸ்மஸ் தீவு ஃப்ரிகேட் பறவை அக்கா! கடல்ல போறவங்களுக்கே லேசில காணக் கிடைக்காது. அத விட்றாதீங்க! பாத தெறந்த உடனே நான் வாறேன்."

"கிறிஸ்மஸ் தீவா?" என்றாள் புஷ்பம். "அப்ப இது வேதக்காரப் பறவையா? நான் இங்க சாமிப் படத்துக்குக் கீழயில்ல படுக்க வெச்சிருக்கேன்."

"அது ஒண்ணும் சொல்லாது, விடுங்க அக்கா" என்றாள் கோகிலா.

இஸ்ரா சொன்னபடி துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தார்கள். ஒரு மூலையில் பல்பு போட்டுச் சூடு காட்டினார்கள். சாப்பாடுதான் பிரச்சினையாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் மீன் விற்க வரும் ஹஸீப், கடல் பறவை என்று கேள்விப்பட்டதும் காசு வேண்டாமென்று நாலு சூடை மீன் கொடுத்துவிட்டுப் போனார். தட்டில் வைத்தார்கள். அது திரும்பியும் பார்க்கவில்லை. தரையில் போட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாலையில் அதன் தலை தொங்கத் தொடங்கியது. கஞ்சி வேண்டாமென்று அடம்பிடிக்கும் காய்ச்சல்காரப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது போல கோகிலா அதன் பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் காலையில் வழியைக் காட்டியது உதயராஜ்தான், அதுவும் தெரியாமல். ரொட்டியையும் பொரித்த மீன் துண்டையும் கையில் வைத்துத் தின்றுகொண்டே உள்ளே வந்தான். பறவையைக் கடந்து போகும்போது ஒரே வீச்சு. மீன் துண்டு காணாமல் போனது.

"ஏய்! என்னோட மீனு!"

கோகிலா எழுந்தே விட்டாள். உடனே இஸ்ராவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"எனக்கு இது தோணவே இல்லையே! அது மத்தப் பறவைங்கட வாயில இருந்து பறிச்சுத் தின்ற பறவை அக்கா. குடுத்தா எடுக்காது. பறிக்கத்தான் தெரியும். பொரிச்சது மட்டும் வேணாம், பச்ச மீன் வைங்க."

அதற்குப் பிறகு அங்கே நாடகந்தான். கையில் பச்சை மீனைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ அவசரமாகப் போகிற மாதிரி அதன் முன்னால் நடக்க வேண்டும். புஷ்பம்தான் அதில் கெட்டிக்காரி. "நான் ஒனக்குத் தரமாட்டேன், இது என் மகளுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். சடக். அன்றும் மழையால் வேலை இல்லை; லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் எல்லாம் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பறிகொடுக்க எனக்கொரு சான்ஸ் கொடு என்று வரிசை கட்டினார்கள். மாலைக்குள், ஹஸீபிடம் மறுபடி வாங்கியதையும் சேர்த்து, பதினாறு மீன் போயிருந்தது. சுவரில் இடுப்புயரம் வரைக்கும் அது எச்சம் அடித்து வைத்திருந்தது. சுவரையும் தரையையும் கழுவியபடியே புஷ்பம் அதை ஏசினாள். ஏசும்போதும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் இஸ்ரா வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். மண்சரிவு வரைக்கும் வேனில் வந்து, சேற்றில் இறங்கி நடந்து, இந்தப் பக்கம் காத்திருந்த உதயராஜின் ஆட்டோவில் ஏறி வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு, தலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பறவையைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு வருஷமா இதப் பத்திப் படிக்கிறேன் அக்கா. உசிரோட இப்பத்தான் பாக்கிறேன்."

படங்கில் சுற்றி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நிறுத்தாள். ஒன்றேகால் கிலோ. பரவாயில்லை என்றாள். சிறகு எலும்பு, கண், தொண்டை எல்லாம் பார்த்தாள். பார்க்கும்போதே பேசினாள்.

"இது முட்டை போடுற எடம் உலகத்திலயே ஒண்ணுதான். அந்தக் கிறிஸ்மஸ் தீவு. அங்க பொஸ்பேட் தோண்ட காட்ட வெட்டினாங்க. கூடு கட்டுற மரங்கள் கொறஞ்சு போச்சு."

"எத்தன இருக்கு மிஸ்?" என்று கோகிலா கேட்டாள்.

"சரியா எண்ணுறது கஷ்டம். வளந்த பறவை ரெண்டாயிரத்துச் சொச்சம், கூடிப்போனா ஐயாயிரம்னு சொல்றாங்க."

"அது நெறையத்தானே?" என்றாள் புஷ்பம்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, ஒரே ஒரு முட்டைதான் போடும் அக்கா."

புஷ்பம் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"முந்தி அழிவுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற வரிசையில வெச்சிருந்தாங்க. இப்ப ஆபத்து கொஞ்சம் கம்மியான வரிசைக்கு மாத்திட்டாங்க. அது நல்ல செய்திதான். ஆனா எண்ணிக்கை இன்னும் கொறஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"இதையும் சேத்து எண்ணிட்டாங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

"இல்ல. தல செம்பட்டையா இருக்குதானே? சின்னது. இன்னும் சில வருஷம் போயி, சோடி சேந்து முட்டை போடுற வயசு வந்தாத்தான் அந்த எண்ணிக்கையில வரும்."

கோகிலா சிரித்துவிட்டாள். "அப்ப இன்னும் செக்ரோல்ல பேரு ஏறல்ல!"

கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் வருடம், தோட்டத்து ஆட்கணக்குப் பதிவேடான செக்ரோலில் அவளுக்கும் பெயர் இல்லை. எல்லோரையும் போல வேலை செய்வாள். ஆனால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவள் பெயர் வராது. அதைச் சொன்னபோது இஸ்ரா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "இத நான் லெக்சர்ல சொல்லப் போறேன் அக்கா. ஒங்கட பேரச் சொல்லியே சொல்லுவேன்."

பறவையைப் பெட்டியில் வைத்து, மண்சரிவைத் தாண்டித் தூக்கிப்போய், வேனில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவதுதான் இஸ்ராவின் திட்டம். ஆனால் பெட்டிக்குள் விட்ட மறு நிமிடமே அது சிறகால் அடிக்கத் தொடங்கியது. நீளச் சிறகு ஒன்றின் நுனி ஒடிந்தது. வெளியே எடுத்துவிட்டாள். அந்நேரம் பார்த்து வேன் டிரைவரிடமிருந்து போன் வந்தது. சரிந்த இடத்தில் மறுபடியும் மண் இறங்குகிறது, யாரும் இப்போது தாண்ட முடியாது.

இஸ்ராவின் முகம் வாடிப்போனது. "இங்கேயே வெச்சிருந்தா செறகெல்லாம் ஒடச்சிக்கும். தரையில இருந்து இதால எழும்ப ஏலாது. எழும்பினாலும் ரப்பர் மரத்துக்குள்ள மாட்டிக்கும். மரமே இல்லாத ஒசந்த எடம் வேணும், நல்ல காத்து வேணும்."

"அதுக்கு எதுக்குக் கடலு?" என்றாள் கோகிலா. "மேல் டிவிசன்ல தேயில மலை உச்சியில ஒரு மொட்டப் பாற இருக்கு மிஸ். நான் அங்க கொழுந்து எடுத்திருக்கேன். இந்த மாசத்துக் காத்துக்குத் தலையில போட்ட துண்டு நிக்காது. எதுத்தாப்புல பள்ளம். ஒரு மரம் கெடையாது."

இஸ்ரா யோசித்தாள். கொழும்பிலிருந்த தன் பேராசிரியரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினாள். "வானம் தெளிஞ்சா செய்ங்கன்னு சொல்றார்" என்றாள்.

பதினொரு மணிக்கு வானம் வெளுத்தது. உதயராஜின் ஆட்டோ போகும் வரைக்கும் போய், அங்கிருந்து தேயிலைக்கு நடுவே நடந்தார்கள். படங்குக்குள் பறவையை அணைத்துக்கொண்டு கோகிலா முன்னால் போனாள். வேலை இல்லாத நாள் என்பதால் பின்னால் முப்பது நாற்பது பேர்.

பாறையில் காற்று நிற்கவிடவில்லை. "வீசிறாதீங்க அக்கா, தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க. காத்து எடுத்துக்கும்" என்று இஸ்ரா கத்தினாள்.

கோகிலா படங்கை விலக்கித் தூக்கிப் பிடித்தாள். பறவை அசையவில்லை. கழுத்தைத் திருப்பிக் காற்று வரும் பக்கம் பார்த்தது. கீழே விழுந்தால் பாறை. ஐந்து நிமிடம் போயிருக்கும். "போ சாமி, போ" என்று முணுமுணுத்தாள். ஒரு பெரிய காற்று வந்தது. சிறகுகள் ஒவ்வொரு மடிப்பாக விரிந்தன. உள்ளங்கையில் இருந்த கொஞ்ச எடையும் இல்லாமல் போனது.

அது சிறகை அடிக்கவே இல்லை. அப்படியே மேலே போனது. பள்ளத்தைத் தாண்டி ஒரு வட்டம், அதைவிடப் பெரிதாக இன்னொரு வட்டம். தரையில் மார்பால் ஊர்ந்ததா இது என்று கோகிலாவுக்கு நம்ப முடியவில்லை. மேகத்துக்குக் கீழே கறுப்புக் கோடாக நின்று, பிறகு மேற்கே திரும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். புஷ்பம் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவரெல்லாம் நாசமாக்கிட்டுப் போகுது பாரு" என்றாள்.

"போய்ச் சேந்திருமா மிஸ்?"

"கடல் அறுபது கிலோமீட்டர்தான் அக்கா. அதுக்கு அது ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் எங்க போகுது, எப்படி இருக்குதுன்னு எனக்கும் தெரியாது."

இறங்கி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. உதயராஜ் எஞ்சினை முறுக்க, பின்னால் நின்று தள்ளிய கோகிலா, இஸ்ரா, புஷ்பம் மூவர் மேலும் தலையிலிருந்து கால் வரை செஞ்சேறு அடித்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் புஷ்பம் சிரித்தாள். சிரித்த வேகத்தில் தள்ளும் பிடி நழுவி, ஆட்டோ மறுபடியும் சேற்றுக்குள்ளேயே இறங்கியது.