உங்கள் கணக்குக்கு நீங்களே பொறுப்பு

கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தொ, டா, தே. வெளியாள் ஒருவர் கைப்பட எழுதியதை அவள் தானாகப் படித்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அதுவும் பாருங்கள், விரட்டுகிற சொல்லாகப் போயிற்று.

எழுதியவன் ஹெட்போன். ஆராய்ச்சி மாணவன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. எந்நேரமும் கழுத்தில் அந்தச் சாமானை மாட்டிக்கொண்டு திரிவதால் கூடம் முழுக்க அவனுக்கு இதுதான் பெயர். பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தில் நாற்பது இருக்கை. பதினான்காவதை அவன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி வைத்திருந்தான். மத்தியானம் சாப்பிடப் போனால் நாற்காலியில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போவான். திரை திறந்தபடி கிடக்கும். கேட்டால், "உள்ள வேலை ஓடிட்டிருக்கு, மூடினா போயிரும்" என்பான்.

சுவரில் பன்னிரண்டு விதிகள் எழுதிய பலகை தொங்கியது. இருக்கையை விட்டு எழும்போது கணக்கிலிருந்து வெளியேறவும் என்பது மூன்று. பிறர் கணக்கை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது நான்கு. உங்கள் கணக்கில் நடக்கும் அனைத்துக்கும் நீங்களே பொறுப்பு என்பது ஐந்து. அந்த ஐந்தாவதுதான் அவள் மகளைத் தின்றது.

அவளைப் பிள்ளைகள் மாப் அக்கா என்று கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைக்கிற கூடம் அது. அவள் மகள் அங்கேயே இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சொந்தக் கணினி வாங்க வக்கில்லை, அதனால் வகுப்பு விட்டதும் கூடமே கதி. ஒருநாள் ஏழாம் இருக்கையில் வேலை செய்துகொண்டிருந்தவள் அச்செடுத்த தாளை வாங்க எழுந்து அந்தக் கோடிக்குப் போனாள். கணக்கை மூடவில்லை. மிஞ்சிப் போனால் மூன்று நிமிஷம். அதற்குள் ஹெட்போன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான், என்னவோ தட்டினான், தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். மாப் அக்கா அப்போது அந்த மேஜைக்கு அடியில்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப் வரட்டும் என்று காலைத் தூக்கிக்கூடக் கொடுத்தான் மகராசன்.

சாயங்காலம் துறை முழுக்க ஒரே பேச்சு. துறைத்தலைவியின் குரல் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி இருக்கிறதென்றும், அந்த அம்மாள் பாடம் எடுத்தால் நாற்காலிகளே எழுந்து ஓடுமென்றும் ஒரு மடல் இருநூறு பேருக்குப் போயிருந்தது. போனது மகளின் கணக்கிலிருந்து. மூன்று நாளைக்கு முன்புதான் ஹெட்போனின் ஆய்வேட்டைத் துறைத்தலைவி திருப்பி முகத்தில் எறிந்திருந்தாள் என்பதை யாரும் அதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

விசாரணை வைத்தார்கள். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய், யார் உட்கார்ந்தான் என்று சொன்னாள். கூடத்துப் பொறுப்பாளரான லேப் சார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மேடம், இவங்களுக்கு எழுத்தே தெரியாது. திரையில என்ன ஓடுச்சுன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? இதை நான் எழுதிக்க முடியாது."

"அவன் உக்காந்தது தெரியும்ல சார்? அதுக்குக் கண்ணு போதும்ல?"

"பெத்தவ அப்படித்தான் சொல்லுவா" என்றார் அவர்.

துறைத்தலைவி ஐந்தாம் விதியை வாய்விட்டு வாசித்தாள். ஒரு வருஷத்துக்குக் கூடத்தின் பக்கமே வரக் கூடாது என்று தீர்ப்பு. கணினி இல்லாமல் அந்தப் படிப்பு ஏது? மகள் நின்றாள். துணிக்கடையில் சட்டை மடிக்கும் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்குள் திரும்பிச் சேராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். சேர வேண்டுமானால் அந்தக் கறை போக வேண்டும். இப்போது மீதி இருந்தது பதினோரு நாள்.

எழுத்து தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. விசாரணை முடிந்த மாதமே மகளிடம் சொன்னாள், "எனக்குப் படிக்கச் சொல்லிக் குடு."

"என்ன திடீர்னு? அணில், ஆடுன்னு ஆரம்பிக்கவா?"

"அணிலும் வேணாம் ஆடும் வேணாம். அந்தப் பலகையில இருக்கிறதைச் சொல்லிக் குடு. அது போதும்."

மகளுக்குப் பன்னிரண்டு விதியும் மனப்பாடம். ஒரு நோட்டில் பெரிது பெரிதாக எழுதிக் கொடுத்தாள். வேலை முடிந்து வந்து இடுப்பு வலியோடு குந்தி உட்கார்ந்து அதையே படித்தாள், அதையே எழுதினாள். எழுத்து பிடிபட ஏழெட்டு மாதம் ஆயிற்று. பிறகு லேப் சார் பழுதான விசைப்பலகை ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னார். குப்பைப் பையோடு அது வீட்டுக்கு வந்தது. கட்டைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டியிருந்த பலகை. எந்த எழுத்து எந்த மூலையில் இருக்கிறதென்று அவள் விரலுக்கு ஏற்கெனவே தெரியும். தினம் நாற்பது பலகையைத் துணி போட்டுத் துடைக்கிறவள் அல்லவா.

"திரை இல்லாம எதைம்மா தட்டுற?" என்று மகள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

"தப்பா அடிச்சா யாருக்கும் தெரியாதுல்ல, அதான்."

எதற்கென்று மகள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலையிடத்தில் மாதா மாதம் பதிவேட்டில் பெருவிரலை மையில் தோய்த்துத்தான் வைத்தாள். லேப் சார் மை டப்பாவை நீட்டுவார், அவள் பவ்வியமாக விரலை நீட்டுவாள். நீட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒன்று பல்லைக் கடிக்கும்.

இப்போது மத்தியானம் ஒன்றே கால். கூடத்தில் ஈ காக்கை இல்லை. தொடாதே என்ற தாளுக்குக் கீழே ஹெட்போனின் மடல் திறந்து கிடந்தது. துறைத்தலைவிக்கு என்னவோ எழுதி அனுப்பியிருக்கிறான், அந்த அம்மாள் இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறாள். அடியில் ஒரு சின்னக் கட்டத்தில் "பதிலளி" என்றிருந்தது.

அவனுடைய பையைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலிகளில் ஒன்றில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல். மெத்தென்று இருந்தது. இதில் உட்கார்ந்துகொண்டா இவர்களுக்கு முதுகு வலிக்கிறது என்று நினைத்தாள்.

ஒற்றை விரலால் தட்டினாள். அவளுக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் சுவரில் தொங்கிய பலகையின் சொற்கள்தான்; வேறு சொல் எழுத அவளுக்கு வராது. வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான்காம் விதியில் மூன்று, ஐந்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, மீதி மற்ற விதிகளில். ஒரு சொல்லுக்குத்தான் திண்டாடிப் போனாள். பலகையில் எங்கு பார்த்தாலும் நீங்கள், நீங்கள். "நான்" கிடையவே கிடையாது. அதை அவளாகத்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

"அந்த மாணவியின் கணக்கை அனுமதியின்றிப் பயன்படுத்தித் தங்களைப் பற்றிய மடலை அனுப்பியவன் நான். அதற்கு நானே பொறுப்பு. தக்க நடவடிக்கை எடுக்கவும்."

இருபது நிமிஷம் பிடித்தது. முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு என்ற கட்டத்தை அழுத்தினாள். பையை எடுத்து இருந்த இடத்தில் வைத்தாள். ஈரத்துணியால் விசைப்பலகையைத் துடைத்தாள். அது அவள் வேலை.

மறுநாள் காலையில் துறைத்தலைவியின் அறையிலிருந்து சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளைக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

லேப் சாருக்குப் பக்கத்தில் ஹெட்போன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். கழுத்தில் அந்தச் சாமான் இல்லை. அது இல்லாமல் அவன் கழுத்து கோழிக் கழுத்தாகத் தெரிந்தது.

"நான் எழுதல மேடம். யாரோ என் சீட்ல உக்காந்து எழுதியிருக்காங்க."

"மனசு உறுத்திச் சொல்லிட்டியேன்னு நேத்து ராத்திரி உன் மேல மரியாதையே வந்துச்சு" என்றாள் துறைத்தலைவி. "இப்ப பயந்துட்டு இல்லேங்கிற. சரி, அந்தப் பொண்ணு கணக்குல எழுதினது நீ இல்லையா?"

அவன் வாயைத் திறந்து மூடினான். அந்த ஒரு மூச்சு நேரம் போதும், அறையில் இருந்த மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

"அது... அது வேற மேடம். இது நான் எழுதல. இந்த அக்காதான் எழுதியிருக்கணும். அந்தப் பொண்ணோட அம்மா இவங்க. நான் சாப்பிடப் போனப்ப இவங்கதான் அங்க இருந்தாங்க."

லேப் சார் சிரித்தே விட்டார். "தம்பி, வாசல் கேமராவை ஓட்டிப் பாத்தாச்சு. ஒன்னுலேர்ந்து ரெண்டு வரைக்கும் யாரும் உள்ள வரல. நம்ம மாப் அக்கா மட்டும்தான்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"அவங்க கைநாட்டுப்பா. மாசா மாசம் நானே மை புரட்டி விடுறேன். அவங்களாவது, 'தக்க நடவடிக்கை எடுக்கவும்'னு எழுதுறதாவது. எனக்கே வராது அந்தத் தமிழ்."

துறைத்தலைவி மேஜை மேலிருந்த தாளை அவளிடம் நீட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். தன் எழுத்து அச்சில் அழகாகத்தான் இருந்தது. புள்ளி, கொம்பு எதுவும் தப்பவில்லை. வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. லேப் சாரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கறுப்பா என்னமோ வரிசையா இருக்கு மேடம்."

"அவன் சீட்ல யாராச்சும் உக்காந்ததைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் லேப் சார், வேண்டா வெறுப்பாக.

"நான் என்னத்தைக் கண்டேன் சார். தரையைப் பாத்து வேலை செய்யிறவ. நான் சொன்னாலும் நீங்க எழுதிக்கப் போறதில்ல."

ஹெட்போன் அவளையே பார்த்தான். அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்காமல். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவளும் பார்த்தாள். தெரிந்து என்ன, யாரிடம் போய்ச் சொல்லுவான்?

துறைத்தலைவி ஐந்தாம் விதியை வாசித்தாள். இந்தத் தடவை பலகையைப் பார்க்காமலே சொன்னாள். ஒரு வருஷம் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் நான்கு மாதத்தில் என்று அவன் கெஞ்சினான்.

"அந்தப் பொண்ணும் இப்படித்தான் தேதி சொல்லி அழுதுச்சு" என்றாள் துறைத்தலைவி. "அன்னிக்கு நீ வந்து சொல்லியிருக்கலாம்."

மூன்றாம் நாள் மகளுக்குக் கடிதம் வந்தது. குற்றம் நீக்கப்பட்டது, உடனே வந்து சேரலாம் என்று போட்டு, சான்றாக ஹெட்போன் மடலின் நகலையும் இணைத்திருந்தார்கள். அவள் வேலை விட்டு வந்தபோது மகள் அடுக்களை வாசலில் அந்த இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"அம்மா, இது நீதானே."

"எது?"

"அனுமதியின்றிப் பயன்படுத்தி. நானே பொறுப்பு. தக்க நடவடிக்கை. எல்லாம் நான் உனக்கு நோட்டுல எழுதிக் குடுத்தது. 'நான்' தவிர ஒரு சொல்லு வெளியில இல்ல. எவன்மா தன் தப்பைப் பலகை மாதிரி ஒத்துக்குவான்?"

அவள் செம்பில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள். பிளீச்சிங் பவுடரில் வெந்த விரலிடுக்குகளைப் பார்த்துப் பார்த்துக் கழுவினாள்.

"பொய்யா ஒன்னும் எழுதலையே. அவன் செஞ்சதைத்தான் எழுதினேன்."

"அவன் பேர்ல எழுதியிருக்க. என் பேர்ல அவன் செஞ்சானே, அதையே செஞ்சிருக்க."

"ஆமா, அதையேதான். வேற என்ன செய்யச் சொல்ற, மனு குடுக்கவா? வாயால சொன்னப்ப எவன் எழுதிக்கிட்டான்?"

"விதி இருக்கும்மா."

"சேரும்போது அந்த விதிக்கு நீ கையெழுத்துப் போட்ட, அவன் போட்டான். என்கிட்ட எவனாச்சும் அந்தப் பலகையைக் காட்டிக் கையெழுத்து வாங்கினானா? இவளுக்கு எதுக்குன்னுதானே விட்டாங்க. விட்டது விட்டதாவே இருக்கட்டும்."

மகள் தாளை மடித்தாள், பிரித்தாள். "அவனோட நாலு வருஷ வேலை போயிரும்."

"உனக்கு ரெண்டு போச்சு."

"அது கணக்கு இல்லம்மா."

"எனக்கு அதுதான் கணக்கு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இருந்ததைச் சூடு பண்ணி இரண்டு தட்டில் போட்டாள். மகள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாளே தவிரக் கை வைக்கவில்லை.

"நான் நேரா மேடத்துக்கிட்ட போய் இதைச் சொல்லிட்டா?"

"சொல்லு. உன் பேரை அடிக்க இன்னும் எட்டு நாள் இருக்கு. போய்ச் சொல்லிட்டு, கடையில போய்ச் சட்டையை மடி. நான் தடுக்கல."

மகள் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று மென்றுகொண்டே கேட்டாள்.

மகள் கடிதத்தை எடுத்து மடித்து வைத்தாள். "ஒன்பதுக்கு. ஆனா அங்க நீ எங்கூடப் பேசாத. நான் உக்காந்திருக்கிற பக்கம் வராத."

"உன் மேஜைக்கு அடியில யாரு துடைப்பா?"

"வேற யாராச்சும் துடைக்கட்டும்."

"சரி" என்றாள் அவள். அது சுருக்கென்றுதான் தைத்தது. ஆனாலும் ஹெட்போனின் கோழிக் கழுத்து நினைவுக்கு வந்ததும் தைத்த இடம் மரத்துப் போயிற்று. இரண்டு வருஷமாகச் சோறு இறங்காமல் தட்டில் பாதியை மூடி வைக்கிறவள், அன்றைக்குப் பாத்திரத்தைச் சுரண்டி இன்னொரு முறை போட்டுக்கொண்டாள்.