மேசைமேல் வைத்த போன்

மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த மூத்த மருமகள், "தூறல் விழுது, அந்தப் போர்வையை எடும்மா!" என்று குரல் கொடுத்தாள். நாலடி தள்ளி முதுகைக் காட்டி நின்ற இளைய மருமகள் திரும்பவே இல்லை.

"ஐபோன் வந்ததும் மகாராணிக்குக் காதுகூடக் கேட்கலை" என்று மூத்தவள் தன் கணவனிடம் பொருமினாள்.

"கவனிச்சிருக்க மாட்டா, விடு."

அவளால் விட முடியவில்லை. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருக்கும் ஓரகத்திகள் அவர்கள். இருவர் கையிலும் ஒரே மாதிரி ஆண்ட்ராய்டு போன் இருந்தவரை வம்பில்லை. இப்போதோ, எதிரில் யார் உட்கார்ந்து பேசினாலும் இளையவள் அந்தப் புதுப் போனை எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிடுகிறாள். சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் போன் கடைக்கே போய்விட்டாள்.

"தினமும் போன்ல என்னென்ன பண்ணுவீங்கக்கா?" என்றார் கடைக்காரர்.

"தையல் ஆர்டர் எடுப்பேன். ஒரு ஆப்ல எல்லாரோட அளவையும் போட்டு வச்சிருக்கேன்."

"அந்த ஆப் ஐபோன்ல கிடையாதே. நீங்க பழகின ஆண்ட்ராய்டுலயே புதுசு காட்டட்டுமா?"

"எது வசதின்னு நான் கேட்கலை தம்பி. எங்க வீட்டுச் சின்னவ வச்சிருக்கிறதைக் குடுங்க."

பழைய போனையும் பீரோவில் மறைத்து வைத்திருந்த தையல் பணத்தையும் கொடுத்து வாங்கி வந்தாள். பழைய போனில் இருந்த, பின்னால் போகும் பொத்தானை இதில் தேடித் தேடிக் கட்டைவிரல் ஓய்ந்தது. அளவுகளைத் துண்டுத் தாளில் குறித்தாள், ஒன்றுக்கொன்று மாறிப்போயின. வாடிக்கையாய் வரும் டீச்சருக்குத் தைத்த சட்டை தோளில் ஏறவேயில்லை. "உங்ககிட்ட இப்படி ஆனதே இல்லையேக்கா" என்று அவர் முகம் சுண்டிப் போனார். அந்த எரிச்சலையும் மூத்தவள் இளையவள் கணக்கிலேயே எழுதினாள்.

போன் வாங்கியதற்குப் பலன் வேண்டாமா? கீழே இறங்கிப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். இளையவள் வழக்கம்போல் போனை எடுத்து வைத்தாள். மூத்தவள் நிதானமாகத் தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

இளையவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... உங்களுக்குமா?"

"ஏன், எனக்கெல்லாம் வரக்கூடாதா?"

"ஐயோ, எந்தக் காதுக்கா?"

"காதா?"

இளையவள் கூந்தலை ஒதுக்கினாள். காது மடலுக்குப் பின்னால் அவரை விதை போல ஒரு கருவி.

"முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுல ரெண்டு காதும் மந்தமாயிடுச்சு. டாக்டர் குடுத்த இந்த மெஷின் ஐபோனோடதான் நல்லா சேருது. பேசுறவங்க முன்னாடி போனை வச்சா அவங்க குரல் நேரா காதுக்கு வரும். செவிடின்னு பேர் வந்துடுமோன்னு உங்க கொழுந்தனைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடலை." மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பட்டது போதாதா கடவுளே, அக்காவுக்கும் ஏன்!"

தன்மேல் எரிந்துகொண்டிருந்தவளுக்காக அவள் அழுதாள். திமிர் என்று மூத்தவள் நினைத்ததெல்லாம் தன் பேச்சில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்ற தவிப்பல்லவா!

"அடி பைத்தியமே, அழாதே. என் காது நல்லாத்தான் இருக்கு. வயிறுதான் எரிஞ்சுது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பைத்தியக்கார அக்கா! வாங்க, கொஞ்சம் நஷ்டமானாலும் கடை பூட்டுறதுக்குள்ள ஆண்ட்ராய்டுக்கே மாத்திட்டு வந்துடலாம்."

மறுபடி ஒருநாள் மாடியில் தூறியது. மூத்தவள் கத்தவில்லை, சுற்றிப் போய் இளையவள் முன்னால் நின்று, தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"என்ன, மகாராணிக்கு இப்போ காது கேட்குதா?" என்று கேலி செய்தான் கணவன்.

"கேட்காம இருந்தது எனக்குத்தாங்க" என்றாள் அவள். "நமக்கு என்ன வேணும்னு நம்ம வேலையைத்தான் கேட்கணும். நான் அவ கையைப் பார்த்து வாங்கினேன். அந்தக் கைக்குப் பின்னாடி என்ன கஷ்டம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பணமும் மிஞ்சியிருக்கும், அவளும் இத்தனை நாள் தனியா அழுதிருக்க மாட்டா."